கல்லாற்றுக்கு நேர் கிழக்கே

(கேரளத்தில், பொன்முடிக்குக் கீழே இருக்கும் கல்லாற்றில் கூடிய தமிழ் வாசகர்களிடையே பேசியது. அச்சுக்காகச் சிறிது செப்பனிடப்பட்டது.)



நான் இங்கே வந்து மூன்று நாளாகிறது. முந்தாநாள் துவைத்த வேட்டி இன்னும் கொடியில் ஈரமாகத்தான் தொங்குகிறது. மலைக்குக் கிழக்கே எங்கள் ஊரில் வேட்டியைப் பிழிந்து உதறிப் போட்டுவிட்டு ஒரு வாய் காப்பி குடித்து வந்தால் எடுத்துக் கட்டிக்கொள்ளலாம். இன்று காலை ஆற்றோரமாகக் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தேன். திரும்பி வந்து பார்த்தால் கணுக்காலில் இரண்டு அட்டை. தங்கியிருக்கும் வீட்டு அக்கா உப்பைக் கொண்டுவந்து வைத்து எடுத்துவிட்டார்கள். அவர்களுடைய மகள், ஆறாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, உங்க ஊர்க் காட்ல அட்டை இல்லையா?" என்று கேட்டாள். இல்லை, முள்தான் என்றேன். "அப்ப அது காடா?" என்றாள்.

பிள்ளை சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் உடனே பதில் வரவில்லை. வேறொரு தலைப்பில் பேசத்தான் குறிப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். அதை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். அந்தப் பிள்ளை கேட்டதற்குப் பதில் சொல்வதுதான் இன்றைய பேச்சு.

பள்ளிக்கூடத்து அட்லஸை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லாற்றில் ஒரு புள்ளி வைத்து, அடிக்கோலை நேர் கிழக்கே பிடித்து ஒரு கோடு இழுங்கள். கோடு முதலில் மலைமுகட்டில் ஏறும். அகத்தியர்கூடம், 1868 மீட்டர், அதற்குச் சற்றுத் தெற்கே நிற்கும். முகட்டைத் தாண்டியதும் கோடு முண்டந்துறைக் காட்டுக்குள் இறங்கி, பாபநாசத்தையும் அம்பாசமுத்திரத்தையும் ஒட்டிப் போய், திருநெல்வேலியைத் தொட்டு, வல்லநாட்டுக் குன்றை உரசிக்கொண்டு, கடைசியில் தூத்துக்குடிக் கடற்கரையில் முடியும். மொத்தம் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. காக்கைக்கு ஒரு பகல் பயணம். நாம் பஸ்ஸில் போவதென்றால் தென்மலை, செங்கோட்டை என்று சுற்றிக்கொண்டு போக வேண்டும், அதனால் அது வேறு உலகம் மாதிரி தோன்றுகிறது.

உண்மையில் அது வேறு உலகம்தான். பொன்முடியில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. கோட்டின் மறுமுனையில் இருக்கும் தூத்துக்குடி சராசரியாக 700ஐக்கூடத் தொடுவதில்லை. ஆனி ஆடியில் அரபிக் கடலிலிருந்து கிளம்பி வரும் காற்று இந்த மலையில் முட்டி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, தாங்கமாட்டாமல் சுமையை எல்லாம் உங்கள் தலையில் இறக்கிவிடுகிறது. முகட்டைத் தாண்டிக் கீழே இறங்கும்போது அதே காற்று சூடேறிக் காய்ந்துவிடும். நாங்கள் அதை மேக்காத்து என்போம். உங்களுக்கு மழையைக் கொடுத்த கையோடு எங்களிடம் வெறுங்கையாய் வந்து, கூரை ஓலையைப் பிய்த்து, செம்மண்ணை அள்ளிக் கண்ணில் போடும். எங்களுக்கு மழை ஐப்பசி கார்த்திகையில், கிழக்கிலிருந்து வந்தால் உண்டு. அதுவும் வந்தால்தான்.

ஆகவே எங்கள் வறட்சி உங்கள் மழையின் மறுபக்கம். மலை ஒன்றுதான். மேற்கே ஈரக்காட்டை வளர்த்ததும் கிழக்கே முட்காட்டை வளர்த்ததும் அதுவே. காணிப் பழங்குடி மக்கள் மலைக்கு இந்தப் பக்கமும் இருக்கிறார்கள், பாபநாசத்துப் பக்கமும் இருக்கிறார்கள். இதே கல்லாற்றில், மொட்டமூட்டுக் காணிக் குடியிருப்பில் இருக்கும் லட்சுமிக்குட்டி அம்மாவை நாடே அறியும். நூற்றுக்கணக்கான பச்சிலை மருந்துகளை மனப்பாடமாய் வைத்திருப்பவர். 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். காட்டை அறிந்தவர் என்று அவரை எல்லோரும் கும்பிடுவது சரியானதே. எங்கள் பக்கத்தில் சங்கிலை எதற்கு, பிரண்டை எதற்கு, ஆவாரை எதற்கு என்று வரிசையாகச் சொல்லும் கிழவிகள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களைக் காட்டை அறிந்தவர்கள் என்று யாரும் சொல்லுவதில்லை. அவர்கள் நிற்கிற இடத்தைக் காடு என்று யாரும் ஒப்புக்கொள்ளாததுதான் காரணம்.

அது காடு என்பதற்கு நான் ஒரே ஒரு மரத்தைச் சாட்சிக்கு அழைக்கிறேன். உடை மரம். குடைவேல் என்று புத்தகத்தில் இருக்கும். நட்ட நடு வெயிலில் விரித்துப் பிடித்த குடை மாதிரியே இருக்கும். அடிமரம் தாழ்வாக, மேலே தட்டையாகப் பரந்த தலை. இலை எப்படி என்றால், ஒரு சிற்றிலையை அரிசிமணிக்குப் பக்கத்தில் வைத்தால் அரிசிதான் பெரிதாகத் தெரியும். பெரிய இலை வைத்திருந்தால் அந்த வெயிலில் தண்ணீரெல்லாம் ஆவியாய்ப் போய்விடும். இலைக்காம்பின் அடியில் வெள்ளை முள் இரண்டிரண்டாய் நிற்கும். இந்த மரம் தென்னிந்தியாவின் தெற்குக் கோடியிலும் இலங்கையிலும்தான் இயற்கையாக வளர்கிறது. உங்கள் மலையில் மட்டும் வாழும் அரிய செடிகள் என்று பட்டியல் போடுகிறீர்களே, அப்படி எங்கள் மண்ணுக்கு இது.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சித்திரை வெயிலில் ஆட்டுக்காரர்கள் இந்த மரத்தடியில்தான் மத்தியானத்தைக் கழிப்பார்கள். நீளக் கம்பின் நுனியில் துறட்டி கட்டி, கிளையைப் பிடித்து உலுக்குவார்கள். சுருண்ட நெற்று சடசடவென்று விழும். ஆடுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஓடிவரும். புல் ஒரு தழை இல்லாத அந்த இரண்டு மாதத்தில் அவற்றின் உயிரைப் பிடித்து வைத்தது அந்த நெற்று. ராத்திரி பட்டியில் படுத்து அசைபோடும். விதை மட்டும் மெல்லப்படாமல் புழுக்கையோடு வெளியே வரும். கல்லுப்போல இருக்கிற விதைத்தோல் ஆட்டின் வயிற்றுக்குள் போய் வந்ததில் இளகியிருக்கும். விடிகாலையில் பட்டியைக் கூட்டும்போது என் ஆச்சி ஒரு கைப்பிடிப் புழுக்கையை உள்ளங்கையில் வைத்து நுணுக்கி, பழுப்பாய்ப் பளபளக்கும் விதைகளைக் காட்டுவாள். உழுத கொல்லையில் கிடை போட்டால் ஐப்பசி மழைக்கு வரப்போரம் எல்லாம் உடங்கன்று முளைத்து நிற்கும். அந்தக் காட்டை யாரும் நடவில்லை. மரம் ஆட்டுக்குச் சாப்பாடு போட்டது, ஆடு மரத்தை நட்டது.

உடை தனியாக நிற்பதில்லை. அதன் காலடியில் காரை, சூரை, இலந்தை, சங்கு, விடத்தேரை, சதுரக்கள்ளி, கிளுவை எல்லாம் உண்டு. எட்டு மாதம் பார்த்தால் எல்லாம் செத்துப்போன மாதிரி சாம்பல் நிறத்தில் நிற்கும். முதல் மழை விழுந்து மூன்றாம் நாள் போய்ப் பாருங்கள். செம்மண்ணில் தம்பலப்பூச்சி ஊரும். பட்டுத்துணியில் வெட்டி எடுத்த மாதிரி சிவப்பு. நாங்கள் தீப்பெட்டியில் பிடித்துப்போட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவோம். அன்று சாயங்காலம் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும். ஓணான், கௌதாரி, கீரி, ஆந்தை என்று யாருக்கும் அன்று பசி கிடையாது. எட்டு மாதம் மண்ணுக்குள் புதைந்து கிடந்த தவளைகள் மேலே வந்து விடியவிடியக் கத்தும். குட்டையில் தண்ணீர் வற்றுவதற்குள் முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, வளர்ந்து, மறுபடி மண்ணுக்குள் போயாக வேண்டும். உங்கள் காடு வருடம் முழுக்க நிதானமாகச் செய்வதை எங்கள் காடு ஐம்பது அறுபது நாளில் செய்துமுடிக்கிறது.

இனி அந்தக் கோட்டில் வல்லநாட்டுக்கு வருகிறேன். இங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 80 கிலோமீட்டர். திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகும் நாற்கரச் சாலையில், லாரிகள் நிற்காமல் ஓடுகிற இடத்தில், ஓரமாக ஒரு மொட்டைக் குன்று தெரியும். அங்கேதான் வெளிமான் சரணாலயம். 1987இல் அறிவித்தார்கள், 16 சதுர கிலோமீட்டர் சொச்சம். இந்தியாவில் வெளிமான் தானாக வாழும் இடங்களில் தென்கோடி இதுதான். இதற்குத் தெற்கே இல்லை.

வெளிமானைப் பார்த்தவர்கள் இங்கே யாராவது உண்டா? கை ஒன்றும் எழவில்லை. உங்கள் காட்டு மிளா கனத்த உடம்புக்காரன், இருட்டில் மறைந்து நிற்பவன். வெளிமான் பெயருக்கேற்ற மாதிரி வெளியில் வாழ்வது. பெண் மான் காய்ந்த புல் நிறம். கிடா மட்டும் வளர வளரக் கறுத்துக்கொண்டே போகும். முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். கொம்பு திருகுத் திருகாய் மேலே போகும், அதனால் திருகுமான் என்றும் சொல்வார்கள். மறைந்துகொள்ள மரமில்லாத இடத்தில் வாழ்கிறதால் அது கண்ணையும் காலையும்தான் நம்புகிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது. இன்று எங்கள் பக்கம் அதை அந்த வேகத்தில் துரத்த ஆளில்லை. துரத்தியது சிவிங்கிப்புலி. 1952இல் அது இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவித்தார்கள். 2022இல் நமீபியாவிலிருந்து எட்டைக் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்துக் கூனோவில் விட்டதைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். துரத்துபவன் போய் எழுபது எண்பது வருடமாகியும் இந்த மான் இன்னும் அந்த ஓட்டத்தை மறக்கவில்லை.

நான் ஒருமுறை மார்கழிக் காலையில் அங்கே போயிருந்தேன். குன்றுக்குக் கீழே, ஓர் உளுந்துக் கொல்லையை ஒட்டிய பொட்டலில், ஒரு கிடா தனியாக நின்றது. அது நின்ற இடத்தில் புழுக்கை குவிந்து கிடந்தது. தினமும் அதே இடத்தில் வந்து போடும். இது என் இடம் என்று மற்ற கிடாக்களுக்கு அறிவிக்கும் எல்லைக்கல் அதுதான். கழுத்தை நிமிர்த்தி, கொம்பு முதுகில் படிய, மூக்கால் உறுமிக்கொண்டே சுற்றி நடந்தது. தூரத்தில் பெண் மான்கள் ஏழெட்டு. சாலையில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. முதலில் ஒரு மான் நேர் மேலே துள்ளியது. பிறகு எல்லாம் துள்ளின. நீர் கொதிக்கும்போது அரிசி துள்ளுமே, அந்த மாதிரி. அடுத்த நொடி பொட்டல் காலியாக இருந்தது. கிடா மட்டும் தன் குவியலை விட்டு நகரவில்லை.

அந்தக் கொல்லைக்காரருக்கு மான் மேல் கோபம் உண்டு. உளுந்தைத் தின்றுவிடுகிறது. அவர் கோபமும் நியாயம்தான். சரணாலயம் என்று கோடு போட்ட இடத்தில் பெரும்பகுதி கல்லும் குன்றுமாக இருக்கிறது. வெளிமானோ சமவெளிப் பிராணி. அதற்கு வேண்டிய புல்வெளியும் பொட்டலும் கோட்டுக்கு வெளியே, பட்டா நிலத்திலும் புறம்போக்கிலும் கிடக்கின்றன. அவற்றைக் காடு என்று யாரும் நினைக்காததால் யாரும் கோட்டுக்குள் சேர்க்கவில்லை.

இன்னும் சிலரைச் சொல்லிவிடுகிறேன். தேவாங்கை நீங்கள் இங்கேயும் பார்த்திருப்பீர்கள். ராத்திரியில் டார்ச் அடித்தால் கண் இரண்டும் தீத்துண்டு மாதிரி மின்னும். மேற்குச் சரிவில் இருப்பது செம்பழுப்பு நிறம். கிழக்கே வறண்ட காட்டில் இருப்பது சாம்பல் நிறம். ஒரே இனம், மலைக்கு இரண்டு பக்கமும் இரண்டு சட்டை. சாம்பல் சட்டைக்காரருக்காகவே கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் மலைக்காட்டை 2022இல் சரணாலயமாக்கினார்கள். 11,806 ஹெக்டேர். தேவாங்குக்கென்று நாட்டில் அமைந்த முதல் சரணாலயம் அது, அமைந்ததோ ஒரு வறண்ட காட்டில். வறண்ட நாட்டில் கல்கௌதாரி என்று ஒரு பறவை உண்டு. குஞ்சு பொரிக்கிற இடத்துக்கும் தண்ணீருக்கும் பல மைல் தூரம் இருக்கும். ஆண் பறவை குட்டைக்குப் போய் நெஞ்சையும் வயிற்றையும் தண்ணீரில் அமிழ்த்தி, இறகு நனைய நனைய உறிஞ்சவிட்டு, பறந்து வந்து நிற்கும். குஞ்சுகள் அந்த இறகைக் கோதி, அதில் ஊறிய தண்ணீரைக் குடிக்கும். தகப்பன் வேட்டித் தலைப்பை நனைத்துக் காய்ச்சல் பிள்ளை வாயில் பிழிவது மாதிரி. உலர்ந்த பூமியில் வாழ்வது என்றால் என்ன என்று இதைவிட எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பழந்தமிழர் இந்த நிலத்தை அறியாதவர்கள் அல்லர். ஐந்து திணையில் பாலையும் ஒன்று. ஆனாலும் தொல்காப்பியம் மற்ற நான்குக்கும் நிலம் ஒதுக்கிவிட்டுப் பாலைக்கு ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தங்கள் இயல்பு கெட்டால் பாலையாகும் என்று சிலப்பதிகாரம் விளக்கம் தருகிறது. சங்கப் பாடல்களில் கள்ளியும் ஓமையும் செந்நாயும் எவ்வளவு உயிரோடு இருக்கின்றன என்று படித்தவர்களுக்குத் தெரியும். பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். இருந்தாலும் "கெட்டுப்போன நிலம்" என்ற அந்த ஒரு எண்ணம் நம் மனதில் தங்கிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கள் உடங்காடு எதுவும் கெட்டு வந்ததில்லை. ஆதியிலிருந்தே அது உடங்காடு. எங்கள் பக்கத்துத் தேரிச் செம்மணலில் கிடைக்கும் சின்னஞ்சிறு கல்லாயுதங்களைப் பற்றி சாய்னர், ஆல்ச்சின் என்ற இரண்டு அறிஞர்கள் 1956இல் விரிவாக எழுதினார்கள். பல ஆயிரம் வருடம் முன்னாலேயே அந்தச் செம்மணலில் மனிதன் வேட்டையாடிக்கொண்டிருந்திருக்கிறான். ஒன்றுமில்லாத இடத்தில் வேட்டைக்காரனுக்கு என்ன வேலை?

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறேன்.

எங்கள் பக்கம் கிராம நிர்வாக அலுவலரின் கணக்கில் இந்த நிலத்துக்கு என்ன பெயர் தெரியுமா? தரிசு. தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என்று இரண்டு வகை. வெள்ளைக்காரன் காலத்து வரிக் கணக்கு. வரி வருமா வராதா என்பது மட்டும்தான் அதில் கேள்வி. அங்கே மான் மேய்கிறதா என்பதற்குக் கட்டமே கிடையாது. சுதந்திரம் வந்தும் அந்தப் பார்வை போகவில்லை. மத்திய அரசு 2000ஆம் ஆண்டு முதல் வெளியிடும் தரிசுநில வரைபடத் தொகுப்பில் புதர்க்காடுகளும் தரிசுவகையாகவே இடம்பெறுகின்றன. நாட்டின் வனப்பரப்பை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கணக்கிடும் இந்திய வன அளவைத் துறைக்கு ஓர் அளவுகோல் உண்டு. மேலிருந்து பார்த்தால் ஒரு ஹெக்டேர் நிலத்தில் பத்து சதவீதமாவது மரநிழல் தெரிய வேண்டும். அதற்குக் குறைந்தால் அது புதர், சீர்குலைந்த வனநிலம்.

நெடுமங்காட்டிலிருந்து விதுரை வழியாக இங்கே வரும்போது சாலையின் இரண்டு பக்கமும் ரப்பர் பார்த்துக்கொண்டே வந்தேன். பால் வடியும் சிரட்டை கட்டிய வரிசை மரங்கள். மேலிருந்து படம் எடுத்தால் நல்ல அடர்த்தியான பச்சை. அந்த அளவுகோல்படி அது வனப்பரப்பில் சேரும். யார் நிலம், என்ன மரம் என்ற கேள்வி அங்கே இல்லை. வெளிமான் துள்ளுகிற வல்லநாட்டுப் பொட்டல் சேராது. ரப்பர் விவசாயி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவர் பிழைப்பு அது. பச்சையை மட்டும் காடு என்று நம்பும் கண்ணைத்தான் சொல்கிறேன். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கோதவர்மன் வழக்கில், காடு என்ற சொல்லுக்கு அகராதியில் உள்ள பொருளைக் கொள்ள வேண்டும் என்று சொன்னது. பெரிய தீர்ப்பு, எத்தனையோ காட்டைக் காப்பாற்றியது. ஆனால் நம் மனதில் இருக்கும் அகராதியில் காடு என்றால் ஓங்கிய மரம், ஈரம், இருட்டு. உடங்காட்டுக்கு அதில் இடமில்லை.

அந்தக் கண் எனக்கும் இருந்தது. சொல்லாமல் இருந்தால் நான் பேசுவது பொய்யாகிவிடும். எங்கள் ஊருக்குத் தெற்கே மேய்ச்சல் புறம்போக்கு ஒன்று இருந்தது. உடையும் காரையும் சங்குமாய்க் கிடக்கும். நாங்கள் கல்லூரி முடித்த இளைஞர்கள் பத்துப் பதினைந்து பேர், ஊரைப் பசுமையாக்க வேண்டும் என்று கிளம்பினோம். ஓர் அமைப்பு கன்று கொடுத்தது, இன்னொருவர் மண் அள்ளும் எந்திரம் அனுப்பினார். ஒரு வாரத்தில் அந்த முட்காட்டை வழித்துத் தள்ளினோம். வேரோடு பெயர்ந்த உடைமரங்களைக் குவித்துத் தீ வைத்தோம். வரிசையாகக் குழி எடுத்து வேம்பும் புங்கையும் வைத்தோம். கூட்டமும் மாலையும் போட்டோவும் நடந்தன. அப்போது அந்த வழியாக ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்த கோனார் தாத்தா ஒருவர் கம்பை ஊன்றி நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏ பிள்ளேளா, மரத்த வெட்டிப்போட்டால்லா மரம் வைக்கிய?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் கோடைக்கு டேங்கரில் தண்ணீர் ஊற்றினோம். இரண்டாம் கோடைக்குப் பாதிப் பேர் வேலைக்கு வெளியூர் போய்விட்டோம். கன்றுகளில் பிழைத்தவை கைவிரலில் எண்ணக்கூடியவை. வழித்துப்போட்ட வெற்று மண்ணில் அடுத்த மழைக்கே சீமைக்கருவேலம் புகுந்தது. அந்தப் புறம்போக்கில் உடும்பு இருந்தது, முயல் இருந்தது, கௌதாரி கூட்டமாய் இருந்தது. எனக்குத் தெரிந்து நட்சத்திர ஆமை இருந்தது. சின்னப் பிள்ளையில் அதன் முதுகில் விரலால் அந்த மஞ்சள் கோடுகளை வரைந்து விளையாடியிருக்கிறேன். அவை எங்கே போயின என்று யோசித்தால் இன்றும் எனக்குத் தூக்கம் கெடுகிறது. நல்ல எண்ணத்தோடு செய்தோம் என்பது அந்த ஆமைக்கு ஆறுதலாகுமா?

சீமைக்கருவேலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1870களில் ஜமைக்காவிலிருந்து விதை தருவித்துக் கடப்பைப் பக்கம் கமலாபுரத்தில் விதைத்தார்கள். விறகுக்கும் வேலிக்கும் ஆகும் என்று நினைத்தார்கள். ஆகத்தான் செய்தது. தூத்துக்குடி, ராமநாதபுரம் மாவட்டங்களில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இன்று சோறு அதுதான். ஆனால் அது தன் நிழலில் புல்லை விடுவதில்லை. பொட்டலை மூடிவிட்டால் வெளிமானுக்குக் கண்ணும் இல்லை, ஓட்டமும் இல்லை. வருத்தம் என்னவென்றால், பஞ்ச காலத்தில் அதே மான் அதன் இனிப்பு நெற்றைத் தின்று விதையைச் சுமந்துபோய்ப் பரப்புகிறது. எந்த விலங்குக்கும் பசிக்கிறபோது உள்ளூர் வெளியூர் தெரியாது. சீமைக்கருவேலத்தை எடுக்கத்தான் வேண்டும். எடுக்கிறபோது பக்கத்தில் நிற்கும் நாட்டு உடையையும் சேர்த்து வழித்துவிடுகிறார்கள். எந்திரத்தில் உட்கார்ந்திருக்கிற பையனுக்கு இரண்டும் முள்தான். அவனுக்கு வித்தியாசம் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம்.

காக்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். ராஜஸ்தானில் 1730இல் வன்னி மரங்களை வெட்ட ஆட்கள் வந்தபோது, கேஜர்லி கிராமத்தில் பிஷ்னோய் மக்கள் 363 பேர் மரத்தைக் கட்டிப்பிடித்து உயிரைக் கொடுத்தார்கள். பாலைவனத்தில் ஒரு முள்மரத்துக்காக. நீங்கள் காவு என்று சொல்லும் கோயில்காடு அங்கே ஓரண். எங்களுக்கு அய்யனார் கோயில். திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டு நடுவே அருஞ்சுனை காத்த அய்யனார் இருக்கிறார். சுற்றிலும் இரும்புத்துரு ஏறிய செம்மணல் மேடு மேடாய்க் கிடக்கும், மேக்காத்து அடித்தால் புகை மாதிரி எழும்பும். பனையும் உடையும் கொல்லாவும் வேரால் அந்த மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. மழை பெய்தால் மணல் ஒரு சொட்டு ஓடவிடாது, அத்தனையும் உறிஞ்சி அடியில் வைத்துக்கொள்ளும். அதனால்தான் அந்த நெருப்பு மணலுக்கு நடுவில் ஒரு சுனை. சாமிக்கு மரத்தைக் காத்தவன் என்றோ மண்ணைக் காத்தவன் என்றோ பெயர் வைக்காமல் சுனை காத்தவன் என்று வைத்தார்கள் பாருங்கள். எது எதனால் நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

திருநெல்வேலியில் பிறந்த எழுத்தாளர் மா. கிருஷ்ணன், பெருங்காட்டு யானையைப் பற்றி எழுதிய அதே அக்கறையோடு புதர்க்காட்டு முயலையும் கௌதாரியையும் பற்றி எழுதியவர். கிடைத்தால் படியுங்கள். கேரளத்துக்கும் முட்காடு அந்நியம் இல்லை. இடுக்கியில், மறையூரிலிருந்து உடுமலை இறங்கும் வழியில் சின்னாறு இருக்கிறது. 1984இல் சரணாலயமானது. மழை மறைவுப் பகுதி. கள்ளியும் முள்ளுமான காட்டில் நட்சத்திர ஆமையும் சாம்பல் நிற மலை அணிலும் உண்டு. கேரளம் முழுக்கப் பச்சை என்று நினைப்பவர்கள் ஒரு நாள் அங்கே போய் நின்று பார்க்க வேண்டும்.

நேரம் ஆகிவிட்டது, மழையும் பிடித்துக்கொண்டது. மேலே போகிறவர்களுக்கு ஜீப் காத்திருக்கிறது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்களில் பலருக்கு நெல்லைச் சீமையில் சொந்தம் உண்டு. கல்யாணத்துக்கும் கொடைக்கும் வருவீர்கள். வரும்போது ஐப்பசி கடைசியில், மழை விட்ட மறுவாரம் பார்த்து வாருங்கள். கனத்த அடிவைத்த செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், ரப்பர் செருப்பை முள் துளைத்துவிடும். விடிவதற்கு முன்னால் போக வேண்டும். ஓர் உடைமரத்தடியில் பேசாமல் உட்கார்ந்தால் போதும், மற்றதை அங்கே வாழ்கிறவர்கள் வந்து காட்டுவார்கள்.

காலையில் கேட்ட பிள்ளை எங்கே? வா அம்மா, முன்னால் வா. என் பையில் எப்போதும் ஒரு உடைநெற்று கிடக்கும், முள்ளோடு கூடிய சின்னக் குச்சியும் இருக்கிறது. இதை இங்கே விதைக்காதே, உங்கள் மழையில் அழுகிவிடும். ஜன்னலில் ஒரு பாட்டிலில் போட்டு வை. கையை நீட்டு. பார்த்து, முள்.